எட்டு விளக்கும் எரிந்தன, ஆலை மட்டும் நின்றது!

செம்பனை ஆலைக்கு அருகே குடியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஆலை ஓடும்போது அதன் இரைச்சல் நம் காதில் விழுவதே இல்லை. நின்றுபோனால்தான் விழுகிறது! திடீரென்று ஏற்படும் அந்த அமைதியைக் கேட்டு, லயத்து வாசலில் பெண்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். "என்னடி, இன்னைக்கும் நின்னு போச்சா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்பார்கள்.

ஜொகூரின் நடுப்பகுதியில் ஓர் ஆலை. எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். அங்கே மூன்றாம் எண் பிரஸ் பிற்பகல் வேளையில் அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. பிரஸ் என்பது அவித்த பழங்களைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் இயந்திரம். அது நின்றால் பின்னால் உள்ள கலனில் பழம் ஆறிப்போகும். ஆறிய பழத்திலிருந்து எண்ணெய் சரியாக இறங்காது. வெளியே லோரிகள் வரிசை பிடித்து நிற்கும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் அவித்துவிட வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பது குலை வெட்டும் நம் மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிரஸ் நின்றதெல்லாம் ஒரே மனிதரின் ஷிப்டில். ஐம்பத்தாறு வயதுப் பெரியவர், அந்த ஆலையிலேயே முப்பது வருடம் வேலை பார்த்தவர். வாரத்தில் மூன்று நாள் காலையில் மனைவியை ரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததால், கேட்டு வாங்கிக்கொண்ட நிரந்தரப் பிற்பகல் ஷிப்டு அது. திரையில் "பிரஸ் 3 நின்றது" என்று மட்டும் வரும். நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் அதே வாசகம்தான் வரும். "பெரியவருக்குக் கை தடுமாறுகிறது, புதிய திரை பழகவில்லை" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்ட, கடைசியில் எச்சரிக்கைக் கடிதம் வந்து சேர்ந்தது. இரண்டாவது கடிதமும் வந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

இந்தச் சங்கதி எனக்குத் தெரிய வந்தது என் பழைய மாணவன் ஒருவன் மூலம். ஆறாம் ஆண்டில் என்னிடம் கணக்கில் அடி வாங்காத குறையாகத் தேறியவன். இன்று ஆலைகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பர். அவன் அந்த ஆலையில் என்ன செய்தான் என்பதைச் சொல்வதற்கு முன்னால், இன்றைய ஆலைக்குள் என்ன ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நம் பிள்ளைகள் நாளை வேலைக்குப் போகப் போகிற இடம் அதுதானே!

நான்கு என்றால் பூஜ்யம்

முன்பு ஆலையில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே கம்பி போகும். நீராவியின் அழுத்தம் அளக்கும் கருவிக்கு இரண்டு கம்பி, வெப்பம் அளக்கும் கருவிக்கு இரண்டு கம்பி என்று கட்டுப்பாட்டு அறைக்குள் வரும் கம்பிக் கற்றை ஆள் தொடை பருமன் இருக்கும். அளவைச் சொல்ல மின்னோட்டத்தைப் பயன்படுத்தினார்கள். 4 மில்லி ஆம்பியர் என்றால் அளவு பூஜ்யம். 20 என்றால் முழு அளவு.

பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே அனுப்பினால் என்ன என்று கேட்கத் தோன்றும். வகுப்பில் பெயர் கூப்பிடுவதை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பதிலே சொல்லாவிட்டால், அவன் வரவில்லையா, வந்தும் வாய் திறக்கவில்லையா என்று நமக்குத் தெரியாது. அதுபோல, 0 வந்தால் அளவு பூஜ்யமா, கம்பி அறுந்துவிட்டதா என்று தெரியாமல் போகும். ஆகவே 4 வந்தால் அளவு பூஜ்யம், 0 வந்தால் கம்பி அறுந்தது என்று வைத்தார்கள். எவ்வளவு எளிமையான யோசனை! ஆலையில் பழுது கண்டுபிடிக்கும் கலை முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது: செய்தி இல்லையா, அல்லது செய்தி கொண்டுவரும் வழி இல்லையா?

இந்தக் கம்பிகளெல்லாம் வந்து சேரும் மூளைக்குப் பி.எல்.சி. என்று பெயர். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலையில், ஒவ்வொரு முறை காரின் மாதிரி மாறும்போதும் அலமாரி அலமாரியாக மின் ரிலேக்களுக்குப் புதிதாகக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. கம்பியை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலை வேண்டும் என்று 1968இல் அவர்கள் கேட்டார்கள். டிக் மோர்லி என்பவரின் குழு அதற்கு விடையாகச் செய்த கருவியே மோடிகான் 084. அது அவர்களுடைய 84ஆவது வேலை. அதனால் அந்த எண். இன்று பாசிர் கூடாங்கில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையானாலும், தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தில் கொள்கலன் தூக்கும் பாரந்தூக்கியானாலும், மூவாரில் மின்னணுச் சில்லு செய்யும் தொழிற்சாலையானாலும் உள்ளே இருந்து வேலை வாங்குவது அந்தப் பரம்பரையில் வந்த கருவிதான்.

ஆகாயத்தின் பெயர் கொண்ட கம்பி

கருவிகள் பெருகப் பெருகத் தனித்தனிக் கம்பி கட்டுப்படியாகவில்லை. எல்லாரும் பேச ஒரே வழி வேண்டியதாயிற்று. அந்த வழி, அலுவலகத்துக்காகப் பிறந்த ஒன்று.

1973ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி, கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் என்ற இளைஞர் ஒரு குறிப்பு எழுதினார். கணினிகளை ஒரு கம்பியில் கோத்து ஒன்றோடொன்று பேச வைக்கும் யோசனை அது. டேவிட் போக்ஸ் என்ற தோழருடன் சேர்ந்து அதைச் செய்தும் காட்டினார். அதற்கு வைத்த பெயர் ஈதர்நெட். ஒளி பரவுவதற்கு எங்கும் நிறைந்த ஈதர் என்ற ஒன்று இருப்பதாக விஞ்ஞானிகள் ஒரு காலத்தில் நம்பினார்கள். நம் ஐம்பூதங்களில் ஐந்தாவதான ஆகாயம் போல என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒன்று இருப்பதற்கான அடையாளம் 1887இல் மைக்கல்சன், மோர்லி (இவர் வேறு மோர்லி) செய்த சோதனையில் கிடைக்கவில்லை. இல்லாத பொருளின் பெயர் இருக்கிற கம்பிக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

மெட்கால்ஃபுக்கு முன்மாதிரி எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? ஹவாய்த் தீவுகளிலிருந்து. அங்கே நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியர் தலைமையில் தீவுக்குத் தீவு வானொலி வழியாகக் கணினிகளைப் பேச வைத்திருந்தார்கள். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் குழம்பும். சிறிது நேரம் கழித்து ஒவ்வொன்றும் மறுபடி அனுப்பும். மெட்கால்ஃப் அதைத் திருத்தினார். பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேள். மோதல் ஏற்பட்டால் நிறுத்து. ஆளுக்கொரு விதமாகக் கொஞ்சம் காத்திருந்து மறுபடி பேசு. ஆசிரியர் இல்லாத ஒழுக்கமான வகுப்பு என்று சொல்லலாம். (அப்படி ஒரு வகுப்பை நான் இன்னும் கண்டதில்லை.) 1983இல் இது உலகப் பொது விதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அலுவலகத்துக்கு இது போதும். கடிதம் ஒரு விநாடி தாமதமாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஓடுகிற இயந்திரத்துக்கு "நில்" என்ற கட்டளை ஒரு விநாடி தாமதமாகப் போனால் கை போய்விடும். எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்ற முறையை ஆலைப் பொறியாளர்கள் வெகுகாலம் நம்பவில்லை. அவர்கள் தங்களுக்கென்று வேறு வழிகள் வைத்திருந்தார்கள். 1979இல் வந்த மோட்பஸ் அவற்றில் மூத்தது, இன்றும் பல ஆலைகளில் உயிரோடு இருக்கிறது.

நிலைமையை மாற்றியது சுவிட்ச் என்ற பெட்டி. இது விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. தபால் நிலையத்துக் குமாஸ்தா போல, வரும் செய்தியின் முகவரியைப் பார்த்து, உரியவரின் கம்பியில் மட்டும் அனுப்பி வைக்கும் பெட்டி. ஒவ்வொரு கருவிக்கும் அந்தப் பெட்டிவரை தனிப்பாதை, போக ஒன்று, வர ஒன்று. மோதலுக்கே இடமில்லை. அதன்பின் ஈதர்நெட் தைரியமாக ஆலைக்குள் நுழைந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி புரோஃபிநெட், ஈதர்நெட் ஐ.பி. முதலியவை வந்தன. 2003இல் ஜெர்மனியின் பெக்காஃப் நிறுவனம் ஈதர்கேட் என்பதை வெளியிட்டது. அதன் வேலை எனக்கு அந்தக் காலத்துத் தபால் ரயிலை நினைவூட்டுகிறது: ரயில் நிற்காமலே போகும், ஒவ்வொரு நிலையத்திலும் தன் பையை எடுத்துக்கொண்டு, போட வேண்டிய பையைப் போட்டுவிடுவார்கள். ஒரே செய்தி எல்லாக் கருவிகள் வழியாகவும் ஓடித் திரும்பும்; ஒவ்வொன்றும் தனக்குரியதை ஓட்டத்திலேயே எடுத்துக்கொள்ளும்.

மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை

இனி நம் பெரியவரின் பிரஸுக்கு வருவோம்.

பிரஸ் அருகே ஒரு பெட்டி இருக்கிறது. அங்குள்ள கருவிகளின் செய்தியையெல்லாம் திரட்டி, ஒரே ஈதர்நெட் கேபிளில் கட்டுப்பாட்டு அறையிலுள்ள பி.எல்.சி.க்கு அனுப்புவது அதன் வேலை. சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கு ஒரு தடவை "இருக்கிறேன், இதுதான் அளவு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து மூன்று முறை செய்தி வராவிட்டால், பெட்டி போய்விட்டது என்று பி.எல்.சி. முடிவு கட்டி அதைப் பட்டியலிலிருந்து விலக்கிவிடும். பெட்டியும் தன் பங்குக்கு இயந்திரத்தை நிறுத்திப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவரும். இது சரியான ஏற்பாடுதான். கட்டளை வராத இயந்திரம் ஓடக்கூடாது.

என் மாணவன் முதலில் செய்தது, பி.எல்.சி.யின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் நாட்குறிப்பைத் திறந்ததுதான். ஒவ்வொரு பி.எல்.சி.யும் தனக்கு நேர்ந்ததை நேரத்தோடு குறித்து வைக்கிறது. அதைப் படிக்கத் தக்க மென்பொருள் வேண்டும். அந்த ஆலையில் யாரிடமும் அது இல்லை. அதனால் அத்தனை வாரமும் யாரும் படிக்கவில்லை! திறந்து பார்த்தால், பிரஸ் நின்ற ஒவ்வொரு நேரத்திலும் "நிலையம் 3 தொடர்பு இழந்தது", சில விநாடி கழித்து "நிலையம் 3 திரும்பியது" என்று இருந்தது. நிறுத்தும் பொத்தான் அழுத்தப்பட்டதற்கு ஒரு வரி கூட இல்லை. பெரியவர் கை வைக்கவே இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் தொடர்பு ஏன் போகிறது? காலையில் தன் மடிக்கணினியிலிருந்து "இருக்கிறாயா?" என்று அந்தப் பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் "இருக்கிறேன்" என்றது. கேபிள் போட்ட குத்தகைக்காரர் தன் சோதனைக் கருவியோடு வந்தார். அதில் எட்டு விளக்குகள். கேபிளில் எட்டுக் கம்பிகள். ஒன்று முதல் எட்டு வரை எல்லா விளக்கும் வரிசையாக எரிந்தன. "கேபிளில் ஒன்றும் இல்லை தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டிதான் கெட்டிருக்கும் என்று புதிய பெட்டி வாங்கி மாட்டினார்கள். நல்ல விலை. மறுநாள் பிற்பகல் மறுபடியும் நின்றது.

பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். அங்கிருந்த சுவிட்ச் மலிவானது. செய்தியை அனுப்பும், எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. அதை எடுத்துவிட்டு, கணக்கு வைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்த ஒரு சுவிட்சை இரவல் வாங்கி மாட்டினான். ஈதர்நெட்டில் ஒவ்வொரு செய்திப் பொட்டலத்தின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். கடைக்காரர் பில்லின் அடியில் கூட்டுத்தொகை போடுவது போல. வாங்குகிறவர் தாமும் கூட்டிப் பார்ப்பார். ஒத்துவராவிட்டால் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடுவார். அப்படி எறியப்பட்டவை எத்தனை என்று இந்தச் சுவிட்ச் வாய் வாரியாக எண்ணி வைக்கும்.

இரண்டு நாள் பார்த்தான். மற்ற எல்லா வாயிலும் பிழை பூஜ்யம். மூன்றாம் பிரஸின் வாயில் காலை முழுவதும் எண் அசையவில்லை. பிற்பகல் மூன்றரைக்கு மேல் மளமளவென்று ஏறியது. மூன்றரைக்கு ஆலையில் என்ன நடக்கிறது? பழ லோரிகள் வந்து கொட்ட ஆரம்பிக்கின்றன. கொட்டிய குலையை ஏற்றும் கன்வேயரின் மோட்டார் ஓடத் தொடங்குகிறது. அந்த மோட்டாருக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வைத்திருந்தார்கள். அதன் மின்கேபிளும் ஈதர்நெட் கேபிளும் ஒரே தட்டில் தோளோடு தோள் உரசிக்கொண்டு போயின. இன்வெர்ட்டர் மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்புவது. பக்கத்தில் போகும் கம்பிகளிலெல்லாம் இரைச்சலைக் கிளப்பும்.

இதோடு நிறுத்தியிருந்தால் பாதி உண்மைதான். மற்ற கேபிள் இரண்டும் அதே தட்டில்தான் போயின. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே! அவன் மூன்றாம் பிரஸ் கேபிளின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். எட்டுக் கம்பியும் நிறத்தின் வரிசைப்படி அழகாக இருந்தன: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

அந்த அழகுதான் தவறு.

ஏன் என்று சொல்கிறேன். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகளும் இரண்டு இரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரு செய்தி ஒரு ஜோடியில் போகும். ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. வெளியிலிருந்து இரைச்சல் வந்தால் முறுக்கிய இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக ஏறும். வாங்கும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால், பொதுவாக ஏறிய இரைச்சல் கழிந்து போகும். கழித்தல் கணக்குத்தான்! ஈதர்நெட்டில் 1, 2 ஆகிய இடங்கள் ஒரு ஜோடி. 3, 6 ஆகிய இடங்கள் மற்றொரு ஜோடி. ஆகவே சரியான வரிசையில் 4ஆம் இடத்தில் நீலமும், 5இல் வெள்ளை-நீலமும், 6இல்தான் பச்சையும் வர வேண்டும். நிற வரிசைப்படி கோத்தால் 3இல் வெள்ளை-பச்சையும் 6இல் நீலமும் வந்து விழும். வேறு வேறு முறுக்கைச் சேர்ந்த இரண்டு கம்பிகளை ஜோடி சேர்த்ததாகிவிடும். இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறாது, கழியவும் கழியாது.

இரு முனையிலும் இதே வரிசையில் கோத்திருந்ததால் எட்டு விளக்கும் எரியத்தான் செய்யும். கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனை போய்ச் சேர்கிறதா என்று மட்டுமே அந்தக் கருவிக்குத் தெரியும். யாரோடு யார் முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாது. இன்வெர்ட்டர் வருவதற்கு முன்பு ஆலையில் அவ்வளவு இரைச்சல் இல்லை; கேபிளும் ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தது. ஆகவே யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாகக் கோத்தான். கேபிளை வேறு தட்டுக்கு மாற்றினார்கள். இன்வெர்ட்டரின் கேபிளுக்கு உலோக உறை போட்டதை வாங்கி, உறையை ஒழுங்காகப் பூமியோடு இணைத்தார்கள். முனைக்கான பிளாஸ்டிக் துண்டு சில காசு. அதற்கு முன் வாங்கிய பெட்டி இன்னும் ஸ்டோரில் கிடக்கிறதாம்.

சிறிய இடத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில், 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் தேதி, மூன்றாம் உலையில் நீரைச் சுற்றி ஓடச் செய்யும் இரண்டு பம்புகளும் ஒருசேர நின்றன. பணியாளர்கள் உலையைக் கையாலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. காரணம், பம்புகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள் ஆலையின் ஈதர்நெட் வலையில் ஏற்பட்ட செய்தி வெள்ளத்தில் திணறிச் செயலிழந்தது. நம் பிரஸ் செய்தி வராமல் நின்றது. அங்கே அளவுக்கு மீறி வந்ததால் நின்றது. அந்த நிகழ்ச்சியை அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் மறு ஆண்டு மற்ற நிலையங்களுக்கெல்லாம் அறிவித்து எச்சரித்தது.

இன்று நல்ல சுவிட்சுகளில் இன்னொரு வசதியும் உண்டு. கேபிளில் ஒரு துடிப்பை அனுப்பி, அறுந்த இடத்தில் பட்டு அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்து, எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்ப்பது போல. தாமிரக் கேபிளை 100 மீட்டருக்கு மேல் இழுக்கக்கூடாது என்பதும் விதி; அதற்கு மேல் என்றால் கண்ணாடி இழைக்குப் போக வேண்டும். கண்ணாடிக்கு இன்வெர்ட்டர் இரைச்சல் ஏறாது என்பது கூடுதல் லாபம்.

பெரியவர் விஷயம் எளிதில் முடியவில்லை. பழுது கண்டுபிடித்துச் சரிசெய்தாகிவிட்டது, ஆனால் கடிதம் கோப்பிலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என் மாணவன் பி.எல்.சி. நாட்குறிப்பையும் சுவிட்சின் பிழைக் கணக்கையும் அச்செடுத்து, தேதி நேரத்தை ஒன்றுக்கு நேர் ஒன்றாகக் கோடு போட்டு, சங்கப் பிரதிநிதியுடன் போய் மானேஜர் மேசையில் வைத்தான். மானேஜர் நல்லவர், படித்துப் பார்த்தார். கடிதம் திரும்பப் பெறப்பட்டது. பெரியவர் அவனிடம், "தம்பி, நான்தான் ஏதும் தப்பா அழுத்திட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சுப்பா" என்றாராம். "நீங்க தொடவே இல்ல மாமா, இதோ எழுதியிருக்கு பாருங்க" என்று காட்டினானாம். இதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

இப்படிப்பட்ட வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்கு ஜொகூரிலேயே பாசிர் கூடாங்கில் தொழிற்பயிற்சிக் கழகமும், சுல்தான் இப்ராஹிம் பெயரிலான பாலிடெக்னிக்கும், பத்து பகாட்டில் அட்டெக்கும் இருக்கின்றன. மூன்றாம் படிவத்துக்குப் பிறகே கைத்தொழிலில் நாட்டமுள்ளவர்களுக்குக் குளுவாங் முதலிய ஊர்களில் தொழிற்கல்லூரிகள் உண்டு. மின்னியல், மெகாட்ரோனிக், தானியக்கம் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் பி.எல்.சி.யும் வலையமைப்பும் பாடத்தில் இருக்கிறதா என்று கேட்டுச் சேருங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். நுணுக்கமாகப் பார்க்கும் கண்தான் இதில் வேண்டியது, தூக்கும் பலம் அல்ல. இந்த வேலை தெரிந்தவர்கள் சிலர் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறார்கள். அந்தச் சம்பளத்தின் கவர்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பாலத்தில் நிற்கும் வாழ்வை விட, பக்கத்து ஆலையிலேயே சார்ஜ்மேன் ஆவது மேல் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

வெட்டி எடுத்த அந்தப் பழைய முனையை என் மாணவன் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். பள்ளி அறிவியல் கழகத்தில் பிள்ளைகளிடம் அதையும், சரியாகக் கோத்த இன்னொரு முனையையும் கொடுத்து, எது தவறு என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் சரியாகக் கோத்ததைத்தான் தவறு என்றார்கள். நிறம் கலைந்து கிடக்கிறதாம்! ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் பதில் சொல்லாமல், கேபிளின் உறையை இன்னும் கொஞ்சம் உரித்துக் காட்டச் சொன்னாள். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.